கல்லு மாதிரிக் கிடக்கு, காத்தை இறக்கு

"மச்சான், முன் போர்க் கல்லு மாதிரிக் கிடக்கு."

"காத்தைக் கொஞ்சம் இறக்கிவிடடா."

கொழும்பில் மவுண்டன் சைக்கிள் ஓடுபவர்கள் நாலு பேர் கூடினால் இந்த இரண்டு வரியும் கட்டாயம் வரும். போர்க் என்பது முன்சில்லைப் பிடித்திருக்கிற, குலுக்கலை வாங்கி அமுங்கி எழும்புகிற இரட்டைக் கால்; உள்ளே அடைத்த காற்றுத்தான் ஆளைத் தாங்குகிறது. விடியற்காலை தியவன்னா ஓரத்தில் வரும். அவிசாவளைப் பக்கம் றப்பர் தோட்டத்துக்குள் ஓடிவிட்டுப் பிளேன்ரீ குடிக்கிற கடை வாசலிலும் வரும். கேட்டவர் போர்க்கின் வால்வு மூடியைக் கழற்றி நகத்தால் ஊசியை அமுக்குவார். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பிறகு ஹான்டிலில் இரண்டு கையையும் ஊன்றி ஒரு அமுக்கு. "ஆ, இப்ப சரி." அந்த நேரத்தில் சரியாகத்தான் தெரியும். காசு செலவில்லை, கருவி தேவையில்லை, பலன் உடனே கைக்குத் தெரிகிறது. இப்படி ஒரு வைத்தியத்தை யார்தான் விடுவார்கள்? ஆனால் போர்க் இறுகிப்போவதற்குள்ள காரணங்களில் காற்று கூடிப்போனது பலவற்றில் ஒன்று மட்டும்தான். மற்றவற்றில் பாதிக்குக் காற்றை இறக்குவது மருந்தல்ல, நோயைக் கூட்டுகிற வேலை.

நின்ற இடத்தில் கையால் அமுக்கினால் போர்க்கின் முதல் இருபது முப்பது மில்லிமீற்றரின் கதை மட்டும்தான் தெரியும். காற்றை இறக்கிய போர்க் ஆள் ஏறியதும் தாழ்ந்து உட்காரும். முன்பக்கம் தாழ்ந்தால் போர்க்கின் கோணம் இன்னும் செங்குத்தாகும், பாரம் முன்னுக்குச் சரியும். இறக்கத்தில் பிறேக் பிடித்தால் மூக்குக் குத்தும். 120 மில்லிமீற்றர் ட்ரவலில் (போர்க் அமுங்கக்கூடிய முழுத் தூரம்) ஐம்பதை ஏற்கெனவே தின்றுவிட்ட போர்க் அடுத்த கல்லைச் சந்திப்பது காற்று நெருங்கி இறுகுகிற கடைசிப் பகுதியில். அங்கே அது மறுபடி கல்லுத்தான். உடனே இன்னும் கொஞ்சம் இறக்குவார்கள். 80 பி.எஸ்.ஐயில் (காற்றமுக்கத்தை அளக்கிற அலகு) தொடங்கி 55இல் வந்து நிற்கிற சைக்கிள்களுக்குக் குறைவில்லை. சொந்தக்காரர் "இந்தப் போர்க்கே சரியில்லை, மாத்தவேணும்" என்ற முடிவுக்கும் அதற்குள் வந்திருப்பார்.

கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு கல்லு என்பதல்ல, எப்போது கல்லு என்பது. சின்னச் சரளையிலேயே கை நடுங்குகிறதா? முதல் வேருக்கு நன்றாக இருந்து மூன்றாவது வேரில் இறுகுகிறதா? பெரிய பள்ளத்தில் விழும்போது மட்டும் அடிக்கிறதா? வேகமாகப் போய் ஒரு கூரான விளிம்பில் மோதும்போதா? இந்த நாலுக்கும் நாலு வேறு வைத்தியம்.

முதலில் ரயர், பிறகு மற்றது

சின்னச் சரளையில் கை நடுங்குவதற்குப் பெரும்பாலும் போர்க் பொறுப்பே இல்லை. 2.25 அங்குல ரயரைப் பெற்றோல் செட்டுக்குக் கொண்டுபோய், மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற நினைப்பில் 45, 50 என்று அடித்துவிட்டு சஸ்பென்சனைக் குறை சொல்வது இங்கே வழக்கம். 65 கிலோ ஆளுக்கு, ரியூப் போட்ட 2.25 ரயருக்கு முன்னால் 25, பின்னால் 28 அளவில் தொடங்கலாம். றிம் கல்லில் இடித்து, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழுந்தால் இரண்டு கூட்டுங்கள். ரயரைச் சரிசெய்யாமல் போர்க்கில் கைவைப்பது, கண்ணாடியைத் துடைக்காமல் கண் வைத்தியரிடம் போவது மாதிரி.

இன்னொன்று, பெற்றோல் செட்டுக் காற்றுக் குழாயைப் போர்க் வால்வில் வைக்கவே கூடாது. போர்க்கின் காற்றறை மிகச் சின்னது. கொம்பிரசர் ஒரு நொடியில் தள்ளுகிற காற்று அதற்குப் பல மடங்கு. அதற்கென்று இருக்கிற சொக் பம் ஒன்று வேண்டும். அதில்லாமல் ஏர் போர்க் வைத்திருப்பது அளவுநாடா இல்லாமல் தையற்கடை வைத்திருப்பது போல.

அந்தப் பம்மைப் பற்றியும் ஒரு தவறான பயம் உண்டு. 75க்கு அடித்து, கழற்றி, மறுபடி பூட்டிப் பார்த்தால் கேஜ் 70 காட்டும். உடனே "லீக் அடிக்குது" என்பார்கள். லீக் இல்லை. பூட்டியதும் போர்க்கில் இருந்த காற்றில் கொஞ்சம் பம்மின் வெறும் குழாயை நிரப்பப் போகிறது, அவ்வளவுதான். கழற்றும்போது வருகிற 'ஸ்ஸ்' பெரும்பாலும் குழாய்க்குள் இருந்த காற்று. ஆகவே அடிக்கும்போது கேஜ் காட்டியதுதான் கணக்கு. சந்தேகத்தில் திரும்பத் திரும்பப் பூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் உண்மையாகவே கொஞ்சம் குறையும்.

ஸாக் அளப்பது

ஆள் ஏறி நின்றதும் சஸ்பென்சன் தன் பாட்டில் எவ்வளவு தாழ்கிறது என்பதுதான் ஸாக். போர்க் காலில் ஒட்டியிருக்கிற அட்டவணை சொல்லும் பி.எஸ்.ஐ ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. நம்ப வேண்டியது ஸாக்கை. கிறவல் பாதை, தோட்டத்து றோட்டு என்று ஓடுபவருக்கு முன்னால் ட்ரவலில் 15 முதல் 20 வீதம் போதும். இறக்கமும் கல்லும் வேருமான பாதைக்கு 20 முதல் 25 வீதம். பின்சில்லுக்கும் சஸ்பென்சன், அதாவது பின் சொக், இருந்தால் அதற்கு 25 முதல் 30. கணக்கு லேசு: 120 மில்லிமீற்றர் போர்க்கில் 20 வீதம் என்றால் 24 மில்லிமீற்றர். பின் சொக்கில் சில்லின் ட்ரவலை எடுக்கக்கூடாது, சொக் தண்டின் ஓட்டத்தை எடுக்கவேண்டும். தண்டு 50 மில்லிமீற்றர் ஓடுமென்றால் 30 வீதம் 15 மில்லிமீற்றர். பின் சொக்கின் முதல் அமுக்கத்துக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. உங்கள் எடையை இறாத்தலில் எடுத்து அதையே பி.எஸ்.ஐ என்று அடித்துத் தொடங்கலாம். 70 கிலோவுக்கு ஏறக்குறைய 150. பிறேமுக்குப் பிறேம் இது மாறும், ஆனால் எங்கோ ஓரிடத்தில் தொடங்க வேண்டுமே.

அளக்கிற விதத்தில்தான் எல்லாம் பிழைக்கிறது. வெள்ளவத்தை அபார்ட்மென்ட் ஒன்றின் வாகனத் தரிப்பிடத்தில் சாரமும் பாட்டாச் செருப்புமாக சீற்றில் உட்கார்ந்து எடுக்கிற அளவு, மலையில் தலைக்கவசம், சப்பாத்து, மூன்று லீற்றர் தண்ணீர், ரியூப், சாவி எல்லாம் முதுகில் சுமந்து பெடலில் எழுந்து நிற்கிற ஆளின் அளவல்ல. வித்தியாசம் ஐந்து கிலோவைத் தாண்டும். ஓடும்போது என்ன உடுப்பீர்களோ அதை உடுத்து, பையை நிரப்பி, இரண்டு பெடலும் சமமாக இருக்க நின்று, இடுப்பைச் சற்றுப் பின்னுக்கு வைத்து, முழங்கையை மடித்து அளக்கவேண்டும். ஒரு கை சுவரில் லேசாகத் தொடலாம், ஊன்றக்கூடாது. முன் பிறேக்கைப் பிடிக்கவே கூடாது. பிடித்தால் சில்லு உருளாது, போர்க் பாதியில் மாட்டி நிற்கும். லொக்அவுட் (போர்க்கை அசையாமல் பூட்டுகிற லீவர்) திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். "கல்லு மாதிரி" என்று வருகிற முறைப்பாடுகளில் ஒரு பங்கு அந்த நீல நிற லீவரைத் திருப்பியதும் தீர்ந்துவிடும், வந்தவர் கொஞ்சம் வெட்கப்படுவார், அவ்வளவுதான்.

போர்க் குழாயில் நகர்கிற றப்பர் வளையமான ஓ-றிங்கை, குழாய் உள்ளே போகிற வாயில் இருக்கிற வைப்பர் சீலோடு ஒட்டத் தள்ளிவைத்து, மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, இடைவெளியை அளப்பதுதான் எல்லோரும் செய்வது. அதில் சீலின் உராய்வு ஒளிந்திருக்கிறது. மெதுவாக ஏறினால் உராய்வு போர்க்கைக் கொஞ்சம் மேலேயே பிடித்துவைக்கும். துள்ளிவிட்டு நின்றால் அதே உராய்வு அதைக் கொஞ்சம் கீழேயே பிடித்துவைக்கும். இரண்டு விதமாகவும், நின்றபடியே இன்னொருவரைக் கொண்டு அளந்து நடுவை எடுங்கள். இரண்டுக்கும் இடையில் நாலு ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் காற்றைத் தொடவேண்டாம். போர்க் வரண்டு கிடக்கிறது, அதற்குச் சேர்விஸ் வேண்டும்.

இப்போது பலர் தவறவிடுகிற இடம். இன்றைய ஏர் போர்க் பெரும்பாலானவற்றில் இரண்டு காற்றறை உண்டு. ஆளைத் தாங்குவது மேலறை. மறுபக்கமிருந்து போர்க்கைக் கீழே இழுத்து, தொடக்கத்தை இளக்கமாக்குவது கீழறை. வழக்கமாகக் காற்று ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஒரு சின்னக் குழிவு மட்டும்தான் வழி, அதுவும் போர்க் கொஞ்சம் அமுங்கி அந்த இடத்தைக் கடக்கும்போதுதான் திறக்கும். பம்மால் 75க்கு அடித்தீர்கள் என்றால் மேலறையில்தான் 75 இருக்கிறது, கீழறையில் பழைய அமுக்கம். அந்த நிலையில் அளந்த ஸாக் பொய். அடித்த பிறகு பத்து இருபது தடவை மெதுவாக அமுக்கி விடவேண்டும், பிறகு கேஜைப் பார்த்தால் குறைந்திருக்கும், மறுபடி 75க்குக் கொண்டுவரவேண்டும். பின் சொக்கில் 50 பி.எஸ்.ஐ ஏறுகிற ஒவ்வொரு தடவையும் நிறுத்தி இப்படிச் செய்வது நல்லது.

நகத்தால் ஊசியை அமுக்குகிறவருக்கு இதில் ஒரு தண்டனையும் உண்டு. காற்றைச் சட்டென்று விட்டால் மேலறை காலியாகும், கீழறையில் அமுக்கம் அப்படியே இருக்கும். போர்க் தானாகவே உள்ளுக்கு இழுபட்டு 120 மில்லிமீற்றர் போர்க் 100 மில்லிமீற்றர் போர்க் மாதிரி நிற்கும். உடைந்துவிட்டது என்று பதறத் தேவையில்லை. பம்மைப் பூட்டி அட்டவணை அனுமதிக்கிற அளவுக்குள் நன்றாக அடித்து, ஹான்டிலை மேலே இழுத்தால் இரண்டு அறையும் சமப்பட்டு வெளியே வரும். பிறகு சிறிது சிறிதாக, இடையிடையே அமுக்கிக்கொண்டே இறக்குங்கள்.

காற்றுக்குப் பதில் கம்பிச் சுருள் தாங்குகிற போர்க் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அதனால் வசதியும் இல்லை. சன்ருவர் எக்ஸ்.சி.எம். மாதிரியானவற்றின் மேலே இருக்கிற பிரீலோட் திருகியை இறுக்கினால் சுருள் கடினமாகும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கடினமாகாது. சுருளின் பலம் கம்பியின் தடிப்பிலும் சுற்றுகளிலும் இருக்கிறது. திருகி செய்வது அதை முன்கூட்டியே சற்று நெருக்கி வைப்பது மட்டும்தான், ஸாக் சில மில்லிமீற்றர் நகரும். 55 கிலோ ஆள் ஏறி, திருகியை முழுதாகத் தளர்த்தியும் ஸாக் வராவிட்டால் அந்தச் சுருள் அவருக்குரியதல்ல. மென்மையான சுருள் தேடுங்கள், கிடைக்காவிட்டால் ரயர் அமுக்கத்தில் சமாளியுங்கள். திருகியோடு மல்லுக்கட்டுவது வீண்.

மூன்றாவது வேரில் இறுகுவது

ஹங்வெல்லைக்கு அப்பால் றப்பர் தோட்டங்களில் வேர்கள் படிக்கட்டு மாதிரி அடுத்தடுத்து வரும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் குறுக்கே வெட்டிய கான்கள் வரும். முதலாவதை போர்க் அழகாக விழுங்கும், இரண்டாவதும் பரவாயில்லை, மூன்றாவதில் கையில் அடிக்கும். இங்கே குற்றவாளி றீபவுண்ட். அமுங்கிய போர்க் திரும்பி நீளுகிற வேகத்தைக் கட்டுப்படுத்துவது, பெரும்பாலும் வலது காலின் அடியில் இருக்கிற சிவப்புத் திருகி. அது அளவுக்கு மிஞ்சி மூடியிருந்தால் முதலாவது வேருக்குப் பிறகு முழுதாக நீள நேரம் கிடைப்பதில்லை. இரண்டாவதை 90 மில்லிமீற்றரோடு சந்திக்கிறது, மூன்றாவதை 60ஓடு. ஒவ்வொரு அடியிலும் போர்க் கூனிப்போகிறது.

இப்போது காற்றை இறக்கும் வைத்தியத்தை இதற்குப் பொருத்திப் பாருங்கள். போர்க்கைத் திரும்பித் தள்ளுவது காற்றின் பலம். 80இலிருந்து 60க்கு இறக்கினால் தள்ளுகிற பலம் குறையும், திருகி பழைய இடத்திலேயே இருக்கிறது, ஆகவே போர்க் இன்னும் மெதுவாகத் திரும்பும், இன்னும் கூனும். எந்த நோய்க்கு மருந்து கொடுத்தோமோ அந்த நோயே இரட்டிப்பாகிறது. காற்றைக் கணிசமாக மாற்றினால் றீபவுண்டையும் மாற்றவேண்டும்: காற்றுக் கூடினால் திருகியைக் கொஞ்சம் மூடவேண்டும், குறைந்தால் கொஞ்சம் திறக்கவேண்டும். இதைச் சொல்லாமல் "காத்தை இறக்கு" என்று மட்டும் சொல்வது அரைப் புத்தி.

திருகியை எண்ணும்போது எப்போதும் மூடிய முனையிலிருந்து எண்ணுங்கள். வலஞ்சுழியாக, நின்றுவிடும் வரை மெல்லத் திருப்பி, அங்கிருந்து திறக்கத் திறக்க ஒவ்வொரு கிளிக்காக. நின்ற பிறகு பலம் போட்டால் உள்ளே ஊசி பழுதாகும். முதலில் நடுவில் வையுங்கள். பிறகு சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று ஹான்டிலைப் பலமாக அமுக்கிச் சட்டென்று விடுங்கள். சில்லு நிலத்தை விட்டு எழும்பினால் வேகம் கூட, இரண்டு கிளிக் மூடுங்கள். எழும்பாமல், ஆனால் சோம்பாமல், கையோடு கூடவே வரவேண்டும். பின் சொக்குக்கு நடைபாதை விளிம்பு போதும். சீற்றில் உட்கார்ந்தபடி மெதுவாக உருட்டி இறங்குங்கள், ஒருமுறை அமுங்கி ஒருமுறை எழும்பி அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் மூடவேண்டும். இந்தச் சோதனைகள் எல்லாம் ஏறக்குறைய அளவுக்குத்தான். முடிவை வேர்கள் சொல்லும்.

பெரிய பள்ளத்தில் மட்டும் முட்டுவது வேறு கதை. ஸாக் சரியாக இருந்தும் ஓட்டத்துக்கு மூன்று நாலு தடவை கடைசிவரை போய் 'டொக்' என்று அடித்தால் காற்றறைக்குள் ரோக்கன் ஒன்று போடுங்கள். பிளாஸ்ரிக் துண்டுதான், அறையின் கனவளவைக் குறைத்து முடிவுப் பகுதியை மட்டும் இறுக்கும், தொடக்கத்தைத் தொடாது. மாறாக, எவ்வளவு முரட்டுப் பாதையிலும் ஓ-றிங் கடைசி 25 மில்லிமீற்றரைத் தொடவே இல்லையென்றால் உள்ளே இருக்கிற ஒன்றைக் கழற்றலாம். காற்றை முழுதாக விட்ட பிறகுதான் மேல்மூடியில் கை வைக்கவேண்டும். ஓட்டத்துக்கு ஒரு தடவை முடிவைத் தொடுவது குற்றமில்லை, காசு கொடுத்து வாங்கிய ட்ரவல் அது. அமுங்குகிற வேகத்தைக் கட்டுப்படுத்தும் கொம்பிரசன் திருகி இருந்தால் முதலில் முழுதாகத் திறந்து வைத்து மற்றதெல்லாம் சரியானபின், பிறேக் பிடிக்கும்போது மூக்குக் குத்தினால் மட்டும் ஒவ்வொரு கிளிக்காக மூடுங்கள். கூரான விளிம்பில் மட்டும் கை அதிர்ந்தால் மூடியது கூடிவிட்டது.

ஏறியதும் இறுகுகிற போர்க்

இந்தப் பிரச்சினையின் முடிச்சு அவிழ்கிற இடம் நுவரெலியா. கொழும்பில் ஒழுங்காக அளந்து, கட்டுக்கல்லில் சோதித்து, எல்லாம் சரியென்று வாகனத்தில் ஏற்றி, ரம்பொடை வழியாக மேலே கொண்டுபோய் இறக்கினால் போர்க் இறுகிக் கிடக்கும். குளிர் என்பார்கள், நீண்ட பயணம் என்பார்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்தப் பழைய வரிதான்: காத்தை இறக்கு.

கணக்கைப் பாருங்கள். கொழும்பு கடல்மட்டம், வெளியே வளியமுக்கம் 14.7 பி.எஸ்.ஐ, வெப்பநிலை 31 பாகை செல்சியஸ் என்று வைப்போம். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே வளியமுக்கம் 12 பி.எஸ்.ஐக்குச் சற்றுக் குறைவு, காலைக் குளிர் 13 பாகை. காற்றறையில் 75 அடித்திருந்தால் குளிர் அதில் ஐந்து பி.எஸ்.ஐயைக் குறைக்கும். வெளியமுக்கம் குறைந்ததால் கேஜில் மூன்று கூடித் தெரியும். முடிவில் கேஜ் காட்டுவது 72, 73. அதாவது நீங்கள் இறக்கத் துடிக்கிற அந்தக் காற்று கூடவே இல்லை, குறைந்திருக்கிறது. ஆனாலும் போர்க் இறுகியிருக்கிறது. அப்படியென்றால் கல்லு வேறு இடத்தில் இருக்கிறது.

அது லோவருக்குள் இருக்கிறது. போர்க்கின் கீழ்க்கூட்டுக்குள், பளபளக்கிற ஸ்ரான்சன் குழாய்க்கு வெளியே, ஒரு காற்று இருக்கிறது. அதற்கு வால்வு இல்லை, அட்டவணையில் இடமில்லை, யாரும் அடித்ததுமில்லை. கடைசியாகச் சேர்விஸ் செய்து போல்ற் பூட்டியபோது எந்த ஊர்க் காற்று இருந்ததோ அது உள்ளே அடைபட்டது. கொழும்பில் பூட்டினால் கொழும்புக் காற்று. குளிரால் கொஞ்சம் சுருங்கினாலும், மலையில் அது வெளிக்காற்றைவிட ஏறக்குறைய இரண்டு பி.எஸ்.ஐ கூடுதலாக நிற்கும். இரண்டுதானே என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டும் இரண்டு ஸ்ரான்சனின் முழுக் குறுக்குப் பரப்பிலும் தள்ளுகிறது. 34 மில்லிமீற்றர் குழாய் என்றால் கூட்டிக் கழித்து இரண்டரைக் கிலோவளவு. முன்சில்லில் உங்கள் பாரம் 25, 30 கிலோதான். அதில் பத்தில் ஒரு பங்கு போர்க் அசையத் தொடங்குமுன்னே எதிர்த்து நிற்கிறது, அதுவும் சின்னச் சரளையைத் தின்னவேண்டிய அந்தத் தொடக்கத்தில். உள்ளமுக்கம் சீல் உதட்டையும் ஸ்ரான்சனோடு இறுக்கி அழுத்தும். இதற்கு மேல், 13 பாகையில் போர்க்கின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற டம்பர் ஒயில் தடித்துவிடும், றீபவுண்ட் கொழும்பில் வைத்ததைவிட மெதுவாகும். ஆக இரண்டு காரணம், இரண்டுமே காற்றறைக்கு வெளியே.

வைத்தியத்துக்கு ஒரு மெல்லிய கேபிள் ரை (வயர் கட்டுகிற பிளாஸ்ரிக் பட்டி) போதும். நுனியின் மூலைகளை அரம் அல்லது நெயில் பைலால் தேய்த்து வட்டமாக்குங்கள். கூராக இருந்தால் சீல் உதடு கிழியும். ஸ்ரான்சனையும் வைப்பரைச் சுற்றியும் ஈரத்துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் மண்ணை நீங்களே உள்ளே தள்ளுவீர்கள். முன்சில்லை நிலத்திலிருந்து தூக்கி, போர்க் முழுதாக நீண்டிருக்க வையுங்கள். கேபிள் ரையின் நுனியில் ஒரு துளி சஸ்பென்சன் ஒயில் பூசி, ஸ்ரான்சனின் பின்பக்கமாக வைப்பரின் உதட்டுக்குக் கீழே, குழாயோடு ஒட்டியபடி மெல்ல இறக்குங்கள். முதலில் தூசி உதடு விடும், இன்னும் ஒரு சென்ரிமீற்றர் போனால் ஒயில் சீலின் உதடு. அதைக் கடந்ததும் ஒரு மூச்சு வெளியே வரும், மூக்கால் விடுகிற மாதிரி, சில நேரம் ஒரு துளி ஒயிலோடு. மற்றக் காலுக்கும் இதேதான். திருகாணிச் சாவி, கத்திமுனை எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஸ்ரான்சனில் ஒரு கீறல் விழுந்தால் அது சீலைத் தின்றுகொண்டே இருக்கும். 2021 மாதிரியிலிருந்து ஃபொக்ஸ் கம்பனியின் 36, 38 போர்க் வைத்திருப்பவர்களுக்கு லோவரின் பின்னால் இதற்கென்றே பொத்தான் இருக்கிறது, அமுக்கிவிட்டால் போதும். பிறகு றீபவுண்டை ஒன்று அல்லது இரண்டு கிளிக் திறந்துவிட்டு ஓடிப் பாருங்கள். கேஜில் 75 வேண்டுமென்றால் இரண்டு பி.எஸ்.ஐ கூட்டத்தான் வேண்டியிருக்கும். கந்தப்பளைப் பக்கம் இறங்குகிற தோட்டத்துப் பாதையில் கான்களுக்கு மேலால் போகும்போது வித்தியாசம் கைக்குத் தெரியும்.

பால்தேத்தண்ணி நிறத்தில் ஒயில்

இவ்வளவுக்கும் பிறகும் தொடக்கம் இளகாவிட்டால் லோவரைக் கழற்றவேண்டும். பல தயாரிப்பாளர்கள் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை லோவர் சேர்விஸ் கேட்கிறார்கள். கிழமைக்கு இரண்டு மணி நேரம் ஓடுபவருக்கு ஆறு மாதம். கொழும்பில் அதற்கு முன்பே பாருங்கள் என்பது என் அபிப்பிராயம். காலி வீதிக்குக் கடல்பக்கமாகச் சைக்கிளைப் பல்கனியில் வைப்பவர்களின் ஸ்ரான்சனில் உப்புக்காற்று வேலை காட்டும். அதைவிட மோசம், சேறு பட்ட சைக்கிளை வாகனச் சேர்விஸ் ஸ்ரேசனுக்குக் கொண்டுபோய் ஹைபிரசர் பைப்பால் அடிப்பது. வைப்பர் சீல் தூசியைத் தடுக்கச் செய்தது. அந்தத் தண்ணீர் வேகத்தைத் தடுக்க அதற்கு வலுவில்லை.

முதலில் காற்றை முழுதாக விடுங்கள். இதை மறந்து போல்றைக் கழற்றினால் லோவர் முகத்துக்கு வரும். அடியில் இருக்கிற இரண்டு போல்ற்றையும், பெரும்பாலும் 5 மில்லிமீற்றர் அலன் கீ, மூன்று சுற்றுத் தளர்த்தி, கழற்றாமல் அதன் தலையில் றப்பர் சுத்தியலால் தட்டினால் உள்தண்டு விடுபடும். பிறகு முழுதாகக் கழற்றி லோவரை இழுங்கள், கீழே ஒரு கிண்ணம் வையுங்கள். நல்ல ஒயில் கறுத்திருந்தாலும் தெளிவாக ஊற்றும். தண்ணீர் கலந்தது பால்தேத்தண்ணி நிறத்தில், நுரையோடு வரும், அடியில் செம்மண் வண்டல் தங்கும். அதைப் பார்த்தபிறகு யாரும் காற்றைப் பற்றிப் பேசமாட்டார்கள். சீலுக்குக் கீழே இருக்கிற பஞ்சு வளையங்களை எடுத்துக் கழுவி, புது ஒயிலில் ஊறவைத்து மறுபடி போடுங்கள், வரண்ட பஞ்சுதான் பாதி உராய்வு. சீல் உதட்டின் உள்பக்கம் சஸ்பென்சனுக்குரிய மெல்லிய கிறீஸ். மோட்டார் சைக்கிள் பெயாரிங் கிறீஸ் தடிப்பு, அது உராய்வைக் கூட்டும். ஒயில் அளவு மாதிரிக்கு மாதிரி வேறுபடும், சிலவற்றில் காலுக்கு 10 மில்லிலீற்றர், சிலவற்றில் அதற்கும் குறைவு. கையேட்டைப் பார்த்து, ஊசிச் சிறிஞ்சால் அளந்து விடுங்கள். கண்மதிப்புக்கு ஊற்றக்கூடாது. கூடினால் லோவருக்குள் காற்றுக்கு இடம் குறைந்து கடைசிப் பகுதி இறுகும், அப்புறம் மறுபடி யாராவது காற்றை இறக்கச் சொல்வார்கள். போல்றை 7 நியூட்டன் மீற்றர் அளவில் இறுக்கினால் போதும், மக்னீசியம் கூடு அது.

ஸ்ரான்சனில் டபிள்யூ.டி.40 அடிப்பவர்களும் தேங்காயெண்ணெய் தடவுபவர்களும் தயவுசெய்து நிறுத்துங்கள். முதலாவது உள்ளே இருக்கிற கிறீஸைக் கழுவிக்கொண்டு போகும். இரண்டாவது தூசியைப் பிடித்து வைத்து அரத்தாள் மாதிரித் தேய்க்கும். பூட்டியபின் அக்சிலை (முன்சில்லின் அச்சை) இறுக்குமுன் போர்க்கை நாலு தடவை அமுக்குங்கள், கால்கள் தங்களுக்குரிய இடைவெளியில் நிற்கும். அதற்குப் பிறகு இறுக்குங்கள். கோணலாக இறுக்கிய அக்சில் இரண்டு காலையும் ஒன்றையொன்று நெருக்கி, புது ஒயில் போட்ட போர்க்கைக்கூட இறுக்கிவிடும்.

மலையில் கேபிள் ரை போட்டவர்களுக்கு இன்னும் ஒரு வேலை மிச்சம். நுவரெலியாவில் விட்ட காற்றோடு கொழும்புக்கு இறங்கினால் லோவருக்குள் இப்போது வெளியைவிட அமுக்கம் குறைவு. போர்க் சில மில்லிமீற்றர் உள்ளுக்கு இழுபட்டு நிற்கும், ஸாக் கூடிக் காட்டும், யாராவது வந்து "காத்துக் காணாது, கொஞ்சம் அடி" என்பார். பம்மை எடுக்கவேண்டாம். அதே கேபிள் ரையை, அதே இடத்தில், இன்னொருதரம் இறக்குங்கள். இந்தத் தடவை காற்று உள்ளே போகும்.